உயரம் மட்டும்தான் காரணமா? கர்ட்லி ஆம்ப்ரோஸின் பந்துவீச்சு குறித்து ஒரு கேள்வி

வைகைக்கரையான் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். மாவட்ட லீக் அணி ஒன்றின் இளையோர் பயிற்சியில் நான் உதவி வருகிறேன். எங்களிடம் ஆறடி நான்கு அங்குல உயரமுள்ள ஓர் இளைஞர் வேகப்பந்து வீசுகிறார். அவர் வலைப்பயிற்சிக்கு வந்த நாள் முதல், பார்ப்பவர்கள் எல்லோரும் "இவ்வளவு உயரம் இருக்கிறதே, ஷார்ட்டாகக் குத்தி எழுப்பு" என்றே சொல்லி வருகிறார்கள். அவரும் அப்படியே வீசுகிறார். பந்து நன்றாக எழுகிறது, பேட்ஸ்மேன்கள் தலையைக் குனிந்து விடுகிறார்கள், விக்கெட் மட்டும் விழுவதில்லை.

இதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் மேற்கிந்தியத் தீவுகளின் கர்ட்லி ஆம்ப்ரோஸின் நினைவு வந்தது. ஆறடி ஏழு அங்குல உயரம் கொண்ட அவர் 98 டெஸ்டுகளில் 405 விக்கெட்டுகளை, விக்கெட்டுக்கு 20.99 ரன் என்ற சராசரியில் எடுத்திருக்கிறார். அவர் ஆடியதை நான் நேரடி ஒளிபரப்பில் பார்த்தவனல்லன். ஸ்கோர் அட்டைகளின் வழியாகவும் இணையத்தில் கிடைக்கும் சில காட்சிகளின் வழியாகவும்தான் அறிவேன். அவரைவிட அதிக விக்கெட் எடுத்தவர்கள் இன்று பலர் இருந்தும், அந்தக் காலத்து பேட்ஸ்மேன்கள் அவர் பெயரைச் சொல்லும்போது குரலில் ஒரு தனி மரியாதை தெரிகிறது. அந்த மரியாதைக்கு உயரம் ஒன்றுதான் காரணம் என்றால், அவரைப் போலவோ அவரைவிடவோ உயரமாக இருந்த பிறரும் அதே அளவு சாதித்திருக்க வேண்டுமல்லவா? உயரம் அவருக்கு உண்மையில் எதைக் கொடுத்தது, உயரம் கொடுக்காத எதை அவர் தாமே சேர்த்துக்கொண்டார் என்பதை அவரைத் தொடர்ந்து பார்த்தவர்கள் விளக்கினால், எங்கள் இளைஞரிடம் சொல்வதற்கு எனக்கு ஒரு தெளிவு கிடைக்கும்.

பழைய ஸ்கோரர்:

நல்ல கேள்வி, நண்பரே. எண்பதுகளின் இறுதியிலிருந்து அவர் ஓய்வு பெறும்வரை தொடர்ந்து கவனித்தவன் என்ற முறையில், என் முடிவை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு காரணங்களுக்கு வருகிறேன். ஆம்ப்ரோஸின் பெருமை அவர் பந்தை எவ்வளவு எழுப்பினார் என்பதில் இல்லை. அவ்வளவு எழும்பக்கூடிய பந்தை எவ்வளவு முன்னால், அதாவது பேட்ஸ்மேனுக்கு எவ்வளவு நெருக்கமாகக் குத்தினார் என்பதில் இருக்கிறது.

உயரமானவரின் கையிலிருந்து வரும் பந்து ஆடுகளத்தில் செங்குத்தான கோணத்தில் விழுகிறது. ஆகவே அதே இடத்தில் குத்தினாலும், சராசரி உயரமுள்ளவரின் பந்து இடுப்பளவு எழும்பும் இடத்தில் இவருடைய பந்து நெஞ்சளவு எழும்பும். பேட்ஸ்மேன் பந்தின் லெங்த்தை, அதாவது அது தரையில் குத்தும் இடத்தைப் பார்த்துத்தான் முன்காலில் ஆடுவதா பின்காலில் ஆடுவதா என்று முடிவெடுக்கிறார். அவர் பல ஆண்டுகளாகப் பழகி வைத்திருக்கும் அந்தக் கணக்கு இங்கே தவறிவிடுகிறது. முன்காலை நீட்டி ஆட வேண்டிய பந்து என்று நம்பிக் காலை நீட்டிய பிறகு, அது மட்டையின் மேற்பகுதியிலோ கையுறையிலோ படும் உயரத்துக்கு வந்து நிற்கிறது. இது உயரம் இலவசமாகக் கொடுக்கும் கொடை.

ஆனால் அந்தக் கொடையோடு ஒரு தண்டனையும் சேர்ந்தே வருகிறது. உயரமானவர் சற்றே ஷார்ட்டாகக் குத்தினாலும் பந்து ஸ்டம்புக்கு மேலே போய்விடும். அப்படிப்பட்ட பந்தில் போல்டு இல்லை, எல்பிடபிள்யூ இல்லை. பேட்ஸ்மேன் தைரியமாக மட்டையைத் தூக்கி விட்டுவிடலாம். உங்கள் இளைஞருக்கு நேர்வது இதுதான் என்று நினைக்கிறேன். பல உயரமான வீச்சாளர்கள் தங்கள் ஆட்ட வாழ்வின் பாதியை இந்தப் பொறியிலேயே கழித்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் மோர்னே மோர்க்கெல் மிகச் சிறந்த வீச்சாளர், 309 டெஸ்ட் விக்கெட் எடுத்தவர். அவர் மீதுகூட, பேட்ஸ்மேனை அடித்துத் திணறடிக்கிறார், ஆனால் இன்னும் ஒரு முழம் முன்னால் வீசியிருந்தால் எட்ஜ் கிடைத்திருக்குமே என்ற குறை நெடுங்காலம் சொல்லப்பட்டது.

ஆம்ப்ரோஸ் முன்னால் வீசினார் என்பதற்கு இரண்டு ஸ்கோர் அட்டைகளை அருகருகே வைத்துப் பாருங்கள்.

முதலாவது, 1993 தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான தொடரின் கடைசி டெஸ்ட், பெர்த்தில். தொடர் 1-1 என்ற நிலை. ஆஸ்திரேலியா முதல் இன்னிங்ஸில் 2 விக்கெட்டுக்கு 85. அங்கிருந்து 119க்கு எல்லோரும் அவுட். இடையில் ஆம்ப்ரோஸ் 32 பந்துகளில் ஒரே ஒரு ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். மொத்தத்தில் 18 ஓவர், 9 மெய்டன் (ரன் கொடுக்காத ஓவர்), 25 ரன், 7 விக்கெட். அந்த ஏழு பேரும் கேட்ச் கொடுத்தே வெளியேறினார்கள் என்பதைக் கவனியுங்கள். மார்க் வா, ஆலன் பார்டர், ஜோ ஏஞ்சல் மூவரும் விக்கெட் கீப்பர் ஜூனியர் மர்ரேயிடம். இயன் ஹீலி லாராவிடம். டேவிட் பூன் ரிச்சர்ட்சனிடம். பெர்த் அந்நாளில் உலகிலேயே அதிகம் பந்து எழும்பும் ஆடுகளம் என்று பெயர் பெற்றது. அங்கே வரும் வெளிநாட்டு வீச்சாளர்கள் பந்து எழும்புவதைக் கண்டு மயங்கி ஷார்ட்டாக வீசி, கட், புல் ஷாட்டுகளில் அடி வாங்கிக்கொண்டு போவது வழக்கம். ஆம்ப்ரோஸ் ஆஃப் ஸ்டம்பை ஒட்டி, பேட்ஸ்மேன் ஆடியே தீர வேண்டிய லெங்த்தில், பந்தின் தையல் தரையில் படும்படி குத்திக்கொண்டே இருந்தார். எழுப்பும் வேலையை ஆடுகளம் பார்த்துக்கொண்டது. பார்டர் சந்தித்த முதல் பந்திலேயே கீப்பரிடம் கேட்ச் கொடுத்தார். இரண்டாவது இன்னிங்ஸிலும் அவருக்குப் பூஜ்யம்தான். மூன்று நாட்களுக்குள் மேற்கிந்தியத் தீவுகள் ஒரு இன்னிங்ஸும் 25 ரன்னும் வித்தியாசத்தில் வென்று தொடரைக் கைப்பற்றின.

இரண்டாவது, 1994 மார்ச்சில் டிரினிடாடின் போர்ட் ஆஃப் ஸ்பெயின். இங்கிலாந்துக்கு வெற்றி இலக்கு 194. நான்காம் நாள் மாலையில் ஏறத்தாழ ஒரு மணி நேர ஆட்டம் மட்டுமே மீதம். முதல் பந்திலேயே கேப்டன் ஆதர்டன் எல்பிடபிள்யூ. ராபின் ஸ்மித், கிரஹாம் தோர்ப், அலெக் ஸ்டூவர்ட் மூவரும் போல்டு. நாள் முடிவில் 8 விக்கெட்டுக்கு 40. மறுநாள் காலை 46க்கு எல்லாம் முடிந்தது. ஆம்ப்ரோஸ் 24 ரன்னுக்கு 6. அந்த ஆறில் நான்கு விக்கெட்டுகள் ஸ்டம்பை நோக்கி வந்த பந்துகளில் விழுந்தவை. அந்த ஆடுகளம் பெர்த் அல்ல. நான்கு நாள் ஆடிய பிறகு பந்து சில வேளைகளில் தாழ்ந்தும் வந்தது. ஆகவே அவர் இன்னும் முன்னால் போனார்.

உயரமே ஆயுதமாக இருந்திருந்தால் இரண்டு ஊரிலும் ஒரே மாதிரியாக விக்கெட் விழுந்திருக்க வேண்டும். ஓர் ஊரில் ஸ்லிப்பும் கீப்பரும், இன்னோர் ஊரில் ஸ்டம்ப். ஆடுகளத்தைப் படித்து லெங்த்தை மாற்றிய மூளைதான் இரண்டு இடத்திலும் பொது.

கடலோரக் கவிநேசன்:

மேலே நண்பர் எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். ஆம்ப்ரோஸ் எங்கிருந்து வந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இந்தக் கதை இன்னும் வியப்பாக இருக்கும் என்பதால் சிறிது எழுதுகிறேன்.

அவர் 1963 செப்டம்பர் 21 அன்று ஆன்டிகுவாத் தீவின் ஸ்வீட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். இளமையில் அவருக்குப் பிடித்த விளையாட்டு கூடைப்பந்து. கிரிக்கெட்டில் பேரார்வம் கொண்டவர் அவருடைய தாயார்தான். பிற்காலத்தில் வானொலியில் வர்ணனை கேட்டுக்கொண்டிருப்பாராம். மகன் ஒவ்வொரு விக்கெட் எடுக்கும்போதும் வீட்டுக்கு வெளியே வந்து, ஊருக்கே கேட்கும்படி மணியடிப்பாராம். சிறு வயதிலிருந்தே பயிற்சிக்கூடத்தில் வளர்ந்தவராக இல்லாமல், இருபது வயதை ஒட்டித்தான் தீவிரமாகக் கிரிக்கெட்டுக்கு வந்த ஒருவர், அதற்குப் பின் சில ஆண்டுகளிலேயே லீவர்ட் தீவுகள் அணிக்கு ஆடி, 1988இல் மேற்கிந்தியத் தீவுகளின் டெஸ்ட் அணியில் இடம்பிடித்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஆறடி எட்டு அங்குல உயரமுள்ள ஜோயல் கார்னர் தம் கடைசி டெஸ்டை ஆடி முடித்திருந்தார். கார்னர் 58 டெஸ்டுகளில் 259 விக்கெட்டுகளை 20.97 சராசரியில் எடுத்தவர். அவ்வளவு பெரிய இடத்துக்கு வந்த புதியவர் முதல் டெஸ்டில் தோல்வியைத்தான் கண்டார்: ஜார்ஜ்டவுனில் பாகிஸ்தான் ஒன்பது விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. ஆனால் அதே ஆண்டு இங்கிலாந்திலும், அடுத்து ஆஸ்திரேலியாவிலும் அவர் வீசியதைப் பார்த்தவர்களுக்கு, கார்னருக்குப் பிறகு யார் என்ற கேள்வியே எழவில்லை.

இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. தாமதமாக வந்ததால் அவருக்கு ஒரு நன்மை கிடைத்தது என்று நான் நம்புகிறேன். பதினாறு வயதில் முதுகை முறித்துக்கொண்டு ஓவருக்கு ஆறு பவுன்சர் வீசும் காலம் அவருக்கு இருக்கவே இல்லை. உடல் முழுதாக வளர்ந்து முற்றிய பிறகே அது வேகப்பந்து வீச்சின் சுமையை ஏற்றது. உங்கள் இளைஞரை ஒரு நாளில் எத்தனை ஓவர் வீச வைக்கிறீர்கள் என்பதையும் நீங்கள் யோசிக்க வேண்டும், வைகைக்கரையான்.

இன்னொன்று, அவர் கையைச் சற்று அருகே கவனியுங்கள். காட்சிகளை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் தெரியும்: ஓடிவரும்போது முழங்கால்கள் உயர்ந்து எழும், ஓட்டத்தில் அவசரம் இராது, கை காதை ஒட்டி நேராக மேலே போகும், பந்து விடுபடும் கடைசி நொடியில் மணிக்கட்டு சாட்டை சொடுக்குவதுபோல் முன்னோக்கி மடியும். அந்த மணிக்கட்டின் சொடுக்குதான் பந்துக்கு, பார்ப்பதற்குத் தெரிவதைவிட அதிகமான எழுச்சியைக் கொடுத்தது. தையல் நிமிர்ந்தபடியே போவதும் அதனால்தான். இதெல்லாம் உயரத்தோடு பிறந்து வருவதல்ல.

நடுநிலையாளன்:

இங்கே எழுதப்பட்டவை அனைத்தும் உண்மை. ஆயினும் படத்தின் மறுபக்கத்தையும் வைக்காவிட்டால் கேள்வி கேட்டவருக்கு முழுமையான விடை கிடைக்காது.

ஆம்ப்ரோஸின் மிகச் சிறந்த நாட்கள் பெரும்பாலும் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் எதிரானவை. இந்தியாவுக்கு எதிராக 1989இலும் 1997இலும் சொந்த மண்ணில் ஆடிய ஒன்பது டெஸ்டுகளில் அவர் எடுத்தவை 15 விக்கெட்டுகள் மட்டுமே; அவருடைய சராசரி அந்த அணிக்கு எதிராக மிகவும் உயர்ந்தே இருக்கிறது. இந்திய மண்ணில் அவர் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. 1994-95 இந்தியப் பயணத்தில் அவர் இடம்பெறவில்லை; அந்தத் தொடரில் கோர்ட்னி வால்ஷ் தலைமையேற்று முன்னின்று வீசினார். ஆகவே, வெயிலில் காய்ந்து, பந்து முழங்காலுக்கு மேல் எழாத ஆடுகளத்தில் ஐந்து நாள் வீச வேண்டியிருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்பதற்குச் சான்று குறைவு. மால்கம் மார்ஷல் உயரத்தில் அவரைவிட மிகவும் குறைந்தவர்; ஆறடியைத் தொடாதவர். அவர் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் டெஸ்ட் ஆடி, அங்கும் தொடர்ந்து விக்கெட் எடுத்து, 376 விக்கெட்டுகளை 20.94 சராசரியில் முடித்தார். மேற்கிந்தியத் தீவுகளின் தலைசிறந்த வேகப்பந்து வீச்சாளர் யார் என்று என்னைக் கேட்டால் நான் மார்ஷல் என்றுதான் சொல்வேன். உயரத்தின் துணை இல்லாமல் அவர் எடுத்த விக்கெட்டுகளுக்கு என் பார்வையில் மதிப்பு அதிகம்.

உங்கள் இளைஞரும் பெரும்பாலும் எழும்பாத ஆடுகளங்களில்தான் வீசப் போகிறார் என்பதால் இதைச் சொல்கிறேன். நம் ஊர் மேட்டிங் (விரிப்பு) ஆடுகளத்தில் பந்து எழும். டர்ஃபுக்கு (புல்தரை ஆடுகளத்துக்கு) வந்தவுடன் அதே பந்து கீப்பரிடம் தவழ்ந்து போகும்.

பழைய ஸ்கோரர்:

நடுநிலையாளன் அவர்களே, மார்ஷலைப் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அவரோடு ஆம்ப்ரோஸை நிறுத்திப் பார்ப்பதே பெருமைதான். இந்தியாவுக்கு எதிரான எண்ணிக்கை குறித்தும் நீங்கள் சொன்னது சரியே. ஆனால் எழும்பாத ஆடுகளத்தில் சான்று குறைவு என்பதை மட்டும் சற்றே திருத்த விரும்புகிறேன்.

1996 உலகக் கோப்பை அரையிறுதி நம் நாட்டிலேயே, மொஹாலியில் நடந்தது. ஆஸ்திரேலியாவின் தொடக்கம் 4 விக்கெட்டுக்கு 15. மார்க் வா, ரிக்கி பாண்டிங் இருவரையும் ஆம்ப்ரோஸ் ரன் எடுக்கவிடாமலேயே அனுப்பினார், இருவரும் எல்பிடபிள்யூ. மறுமுனையில் இயன் பிஷப் மற்ற இருவரையும் போல்டாக்கினார். உயரமான வீச்சாளருக்கு எல்பிடபிள்யூ கிடைக்கிறது என்றால், பந்து எவ்வளவு முன்னால் விழுந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த ஆட்டத்தை மேற்கிந்தியத் தீவுகள் ஐந்து ரன்னில் தோற்றது வேறு துயரம். 2 விக்கெட்டுக்கு 165 என்ற நிலையிலிருந்து 202க்குச் சுருண்ட அந்த மாலையை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

பார்படாஸில் 1990இல் இங்கிலாந்துக்கு எதிராக அவர் எடுத்த 45க்கு 8 அவருடைய டெஸ்ட் வாழ்வின் மிகச் சிறந்த கணக்கு. அந்த இன்னிங்ஸில் டிராவுக்காகக் கீப்பர் ஜாக் ரஸ்ஸல் பல மணி நேரம் கட்டையைப் போட்டு நின்றார். இரண்டாவது புதுப்பந்து எடுத்த பிறகு ஆம்ப்ரோஸ் அவரைப் போல்டாக்கினார்; தாழ்ந்து வந்த பந்து. அதே மைதானத்தில் 1992இல், மீண்டும் டெஸ்ட் உலகத்துக்குள் வந்த தென்னாப்பிரிக்கா 201 ரன் இலக்கை நோக்கி நான்காம் நாள் முடிவில் 2 விக்கெட்டுக்கு 122 என்று நின்றது. ஐந்தாம் நாள் காலையில் மேலும் 26 ரன் சேர்ப்பதற்குள் எட்டு விக்கெட்டும் போயின. ஆம்ப்ரோஸ் 34க்கு 6, வால்ஷ் 31க்கு 4. ஐந்தாம் நாள் ஆடுகளத்தில், பந்து ஒன்று எழுந்தும் ஒன்று தாழ்ந்தும் வரும்போது, ஸ்டம்பை விட்டு விலகாமல் வீசுபவருக்குத்தான் பலன் கிடைக்கும்.

இந்தியாவுக்கு எதிரான எண்ணிக்கைகளுக்குள்ளும் 1997 பார்படாஸ் டெஸ்ட் இருக்கிறது. 120 ரன் எடுத்தால் வெற்றி என்ற நிலையில் டெண்டுல்கர் தலைமையிலான அணி 81க்கு அவுட் ஆனது. பிஷப் நான்கு, ஆம்ப்ரோஸ் மூன்று, ஃபிராங்க்ளின் ரோஸ் மூன்று. அன்று இரவு விழித்திருந்து பார்த்த எங்களுக்கு, அதிகாலையில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் படுத்தும் உறக்கம் வரவில்லை.

வைகைக்கரையான்:

பதில் எழுதிய மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பெர்த்தில் ஏழு பேரும் கேட்ச், போர்ட் ஆஃப் ஸ்பெயினில் ஆறில் நான்கு பேர் போல்டும் எல்பிடபிள்யூவும் என்ற ஒப்பீடு என் மனத்தில் பதிந்துவிட்டது. ஒரே ஒரு துணைக்கேள்வி. மிக உயரமான வீச்சாளர்கள் பலர் காயத்தால் விரைவிலேயே ஒதுங்கிவிடுகிறார்கள். ஆம்ப்ரோஸ் 1988 முதல் 2000 வரை ஆடியிருக்கிறார். வேகம் குறைந்த பிறகு அவர் எப்படித் தாக்குப்பிடித்தார்?

திண்ணைக் கிரிக்கெட்:

இந்தத் துணைக்கேள்விக்கு நான் பதில் எழுத முயல்கிறேன், ஐயா.

உயரம் உடலிடம் கேட்கும் விலை பெரிது. ஆஸ்திரேலியாவின் புரூஸ் ரீட் ஆறடி எட்டு அங்குலம், இடக்கை வீச்சாளர், 27 டெஸ்டுகளில் 113 விக்கெட் எடுத்தார். அவ்வளவு திறமை இருந்தும் முதுகெலும்புக் காயங்கள் அவரைத் தொடர்ந்து ஆடவிடவில்லை. பாகிஸ்தானின் முகமது இர்ஃபான் ஏழடியைத் தாண்டிய உயரம் கொண்டவர். நான்கு டெஸ்டுகளோடு அவருடைய டெஸ்ட் கணக்கு நின்றுபோனது. இங்கிலாந்தின் கிறிஸ் டிரெம்லெட் 2010-11 ஆஷஸில் அவ்வளவு அழகாக வீசியும் 12 டெஸ்டுகளுக்கு மேல் ஆட உடல் இடம்கொடுக்கவில்லை. நீண்ட எலும்புகளும் நீண்ட முதுகும் ஒவ்வொரு பந்துக்கும் முன்காலில் இறங்கும் சுமையைத் தாங்க வேண்டும். ஆம்ப்ரோஸுக்கும் தோள்பட்டையிலும் முழங்காலிலும் தொல்லைகள் இருந்தன. ஆனால் அவருடைய ஓட்டம் நீளமானதல்ல. வீச்சுமுறையில் உடலை முறுக்கும் வேலை குறைவு. அதனால் 98 டெஸ்ட் ஆட முடிந்தது என்பது என் கருத்து.

வேகம் குறைந்த பிறகு அவர் செய்ததுதான் நான் மிகவும் மதிக்கும் பகுதி. 1988இல் வந்தபோது அவர் உண்மையிலேயே அதிவேகமாக வீசினார். தொண்ணூறுகளின் நடுப்பகுதிக்குப் பிறகு அந்த வேகம் எப்போதாவதுதான் தலைகாட்டியது. கோபம் வந்தால் மட்டும் என்றுகூடச் சொல்லலாம். 1995இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் ஸ்டீவ் வாவுக்கும் அவருக்கும் நடந்த வாக்குவாதத்தில் கேப்டன் ரிச்சி ரிச்சர்ட்சன் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. அந்த டெஸ்டில் ஆம்ப்ரோஸ் 45க்கு 5, 20க்கு 4 என்று ஒன்பது விக்கெட் எடுத்து வெற்றி தேடித் தந்தார். வாவும் பின்வாங்கவில்லை, 128க்குச் சுருண்ட முதல் இன்னிங்ஸில் ஆட்டமிழக்காமல் 63 எடுத்தார். அடுத்த டெஸ்டில் வா இரட்டைச் சதம் அடித்ததையும், மேற்கிந்தியத் தீவுகள் பதினைந்து ஆண்டுகளாக எந்த டெஸ்ட் தொடரையும் தோற்காமல் காத்து வந்த பெருமை அத்தோடு முடிந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதே கோபத்தின் இன்னொரு வடிவம் 1993 ஜனவரியில் சிட்னியில் நடந்த ஒருநாள் இறுதிப்போட்டி. வெள்ளைப் பந்தோடு கலந்து கண்ணை ஏமாற்றுகிறது என்று சொல்லி, அவர் மணிக்கட்டில் அணிந்திருந்த வெள்ளைப் பட்டையைக் கழற்றச் சொன்னார் ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் டீன் ஜோன்ஸ். ஆம்ப்ரோஸ் கழற்றினார், பிறகு 32 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார். பத்து நாட்கள் கழித்து அடிலெய்டு டெஸ்டில் பத்து விக்கெட். அங்கே மேற்கிந்தியத் தீவுகள் ஒரே ஒரு ரன்னில் வென்றன. அதற்கும் சில நாட்கள் கழித்து வந்ததுதான் மேலே பழைய ஸ்கோரர் விவரித்த பெர்த். அந்த டெஸ்ட் தொடரில் அவர் எடுத்தவை 33 விக்கெட்டுகள்.

ஆனால் கோபம் தினமும் வருவதில்லை. மற்ற நாட்களில் அவர் நம்பியது சிக்கனத்தை. டெஸ்டில் ஓவருக்கு 2.30 ரன், 176 ஒருநாள் ஆட்டங்களில் 225 விக்கெட், ஓவருக்கு 3.48 ரன். வேகம் குறையக் குறைய இந்தச் சிக்கனம் கூடியது. பேட்ஸ்மேனுக்கு அடிக்கவும் பந்து கிடைக்காது, விடவும் பந்து கிடைக்காது. அந்த நெருக்கடியில் மறுமுனையில் வால்ஷுக்கு விக்கெட் விழும். 132 டெஸ்டுகளில் 519 விக்கெட் எடுத்த வால்ஷின் கணக்கில் ஆம்ப்ரோஸின் மெய்டன் ஓவர்களுக்கும் பங்கு உண்டு. ஆம்ப்ரோஸின் கணக்கில் வால்ஷுக்கும் அதே அளவு பங்கு உண்டு. ஆதர்டன் டெஸ்டுகளில் ஆம்ப்ரோஸிடம் 17 முறையும் வால்ஷிடம் 17 முறையும் அவுட் ஆனார் என்ற எண்ணிக்கையைப் பார்த்தாலே, இருவருக்கும் நடுவில் ஒரு தொடக்க வீரர் எப்படி அரைபட்டிருப்பார் என்பது புரியும்.

அணி சரிந்துகொண்டிருந்த ஆண்டுகளில்தான் இவையெல்லாம் நடந்தன. 2000ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பயணத்தில் லார்ட்ஸில் 54க்கும் லீட்ஸில் 61க்கும் மேற்கிந்தியத் தீவுகள் சுருண்டன. அந்த லீட்ஸ் டெஸ்டில்தான் ஆம்ப்ரோஸ் தம் நானூறாவது விக்கெட்டை எடுத்தார். அவுட் ஆனவர் ஆதர்டன். டெஸ்ட் இரண்டே நாளில் தோல்வியில் முடிந்தது. ஓவல் மைதானத்தில் கடைசி டெஸ்ட் ஆடும்போது அவருக்கு முப்பத்தேழு வயது நிறையச் சில வாரங்களே இருந்தன. இங்கிலாந்து வீரர்கள் இருபுறமும் வரிசையாக நின்று அவருக்கும் வால்ஷுக்கும் மரியாதை செய்தார்கள். டெஸ்டில் நானூறு விக்கெட்டைத் தாண்டியவர்களில் அவரைவிடக் குறைந்த சராசரி உடையவர் இன்றும் எவரும் இல்லை. வைகைக்கரையான் கேட்ட அந்த மரியாதைக்கு, எண்ணிக்கையில் இருக்கும் காரணம் இது.

பழைய ஸ்கோரர்:

திண்ணைக் கிரிக்கெட் நண்பர் எழுதியதற்குப் பிறகு ஆம்ப்ரோஸைப் பற்றிச் சேர்க்க அதிகமில்லை. பேட்டிங்கில் அவர் செய்த ஒரு காரியத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன், பலர் மறந்துவிடுகிறார்கள். 1999இல் பார்படாஸில் லாரா 153 ரன்னோடு ஆட்டமிழக்காமல் நின்று ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஒரு விக்கெட்டில் வெற்றி தேடித் தந்தாரே, அந்த இலக்கை நெருங்க வைத்தது ஒன்பதாவது விக்கெட்டுக்கு 54 ரன் சேர்த்த கூட்டணி. மறுமுனையில் நின்றவர் ஆம்ப்ரோஸ்; அவருடைய பங்கு 12 ரன்.

இனி உங்கள் இளைஞருக்கு வருவோம், வைகைக்கரையான். "ஷார்ட்டாக வீசாதே" என்று சொல்லிப் பயன் இல்லை. வீச வேண்டிய இடத்தைக் கண்ணுக்குக் காட்டுங்கள். வலையில் ஒரு பேட்ஸ்மேனும் இல்லாமல், ஆஃப் ஸ்டம்பின் உச்சியில் ஒரு வண்ண நாடாவைக் கட்டிவிட்டு, அதன் மேல் பந்து படும்வரை வீசச் சொல்லுங்கள். அவர் இப்போது வீசும் இடத்தில் குத்தினால் பந்து நாடாவுக்கு வெகு மேலே போவதை அவரே பார்ப்பார். எவ்வளவு முன்னால் வந்தால் அது படுகிறது என்பதைத் தரையில் சுண்ணாம்பால் குறித்துக்கொள்ளுங்கள். அவருடைய உயரத்துக்கு அந்தக் குறி, அணியின் மற்ற வீச்சாளர்களின் குறியைவிடப் பேட்ஸ்மேனுக்கு நெருக்கமாகத்தான் இருக்கும். மேட்டிங்கில் ஒரு குறி, டர்ஃபில் இன்னொரு குறி என்று இரண்டையும் தனித்தனியாகக் கண்டுபிடிப்பது நல்லது. நடுநிலையாளன் சொன்ன சிக்கலுக்கும் அதுவே வழி. முதல் சில வாரங்களில் டிரைவ் அடித்து நான்கு நான்காகப் போகும். அப்போது அவரை நிறுத்திவிடாமல், கேப்டனிடம் பேசி மூன்றாவது ஸ்லிப்பை எடுக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.